கல்லைப் பழக்கிய கதை

காலை ஆறு ஐம்பதுக்கு எங்கள் சமையலறையில் அடுப்பு வெடித்தது. குளிக்கப் போகலாமா, இன்னும் கொஞ்சம் துளசிக்குத் தண்ணீர் ஊற்றலாமா என்று அப்போதுதான் பால்கனியிலிருந்து எட்டிக் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். அதனால் நேரம் மட்டும் சரியாக நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் முன்பின்னாகத்தான் வருகிறது.

வெடித்தது அடுப்பின் மேல் இருக்கும் கண்ணாடிப் பலகை என்று பிறகு புரிந்தது. சத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை. சிங்கப்பெருமாள் கோயிலில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய அடுக்கு மாடியில் இருப்பவர்களுக்கு லாரி டயர் வெடிக்கும் சத்தம் பழகிப்போயிருக்கும். அதில் பாதிகூட இல்லை. சத்தத்தைத் தொடர்ந்து முறத்திலிருந்து அரிசி கொட்டுவதுபோல் ஒரு சரசரப்பு. பிறகு என் மகள் அபியின் குரல். "அப்பா" என்று ஒரே ஒரு தடவை, துண்டு எடுத்துத் தரச் சொல்லிக் கூப்பிடுகிறவள்போல.

சமையலறை முழுக்கப் புகை. அபி சிலிண்டர் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தாள். ஒரு கை ரெகுலேட்டரின் மேல் இருந்தது. இன்னொரு கையால் இடது கண்ணைப் பொத்தியிருந்தாள். விரல்களுக்கு நடுவே ரத்தம்.

"கேஸ மூடிட்டேன்பா" என்றாள்.

தரையெல்லாம் கறுப்புக் கண்ணாடிச் சில்லுகள். நடுவே, உடைந்த அடுப்பின் மேல், ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்திருந்தது புது வார்ப்பிரும்பு தோசைக்கல். அதற்கு ஒரு கீறல் இல்லை. இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போவதாக இருந்தது. அங்கே எடுத்துப் போவதற்கென்று வாங்கிய கல் அது. ஒரு வாரமாக அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, ஆலையில் பூசிவிட்ட கறுப்பையெல்லாம் கழுவியெடுத்தது அவள்தான். எண்ணெய் தடவிக் காய்ச்சும் கடைசி வேலையையும், நான் எழுந்து வந்து நொட்டை சொல்வதற்கு முன்னால், தானே முடித்துவிடலாம் என்று பார்த்திருக்கிறாள். என் மனைவி மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மருத்துவர் பார்க்கும்வரை அவளிடம் சொல்லக்கூடாது என்று நானும் அபியும் படிக்கட்டில் இறங்கும்போதே முடிவுசெய்துகொண்டோம்.

கண்ணுக்குள் கண்ணாடி போயிருக்கிறதா இல்லையா என்பது தெரியவில்லை. அவள் திறக்க முடியாமல் மூடியிருந்தாள். நான் திறந்து பார்க்கப் பயந்தேன். செங்கல்பட்டுவரை ஆட்டோவில் அவள் முகத்தில் துண்டை வைத்துப் பிடித்துக்கொண்டே போனேன். அவள் தலைமுடியிலும் என் சட்டையிலும் அந்தப் புகையின் வாசனை இருந்தது. நல்லெண்ணெயும் புது இரும்பும் சேர்ந்து காயும்போது வருமே, பாதி எள்ளுருண்டை, பாதி கொல்லுப்பட்டறை, அந்த வாசனை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மகளின் ரத்தம் துண்டில் ஊறிக்கொண்டிருக்கும்போது என் புத்தி போய் நின்றது புதுப்பட்டினத்தில், கல்யாணத்துக்கு முன்னால் நானும் காதரும் குடியிருந்த மாடி அறையில்.

அப்போது எனக்குக் கடலோரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. காதர் அங்கேயே ஒரு ஒப்பந்தக்காரரிடம் கணக்குப் பார்த்தான். சொந்த ஊர் கடப்பாக்கம். மெஸ் சாப்பாடு எங்கள் இருவருக்கும் ஒரே அளவுக்கு வெறுத்துப்போயிருந்தது. நான் ராத்திரி தோசை இல்லாவிட்டால் சாப்பிட்டதாகவே கணக்கில் சேர்க்காத ஊரிலிருந்து வந்தவன். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டு கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த அவனுடைய மாமுவிடம், அதாவது தாய்மாமனிடம், கல் வாங்கப் போனோம்.

சுவரோரம் கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமுவுக்குப் பொறுக்கவில்லை.

"பாத்துகினே இருந்தா இன்னா தெரியும்? தூக்கிப் பாருபா."

தூக்கினேன். மணிக்கட்டு மடங்கியது. அடுத்தது. ஒற்றைக் கையால் தூக்கி அடுப்பிலிருந்து இறக்க முடியாத கல்லை வாங்கினால் அது பரணுக்குத்தான் போகும் என்பதை அன்று கற்றேன். பிறகு காதர் என்னைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டான். கல்லைத் தரையில் வைத்து விளிம்பை அழுத்தினான், ஆடினால் வேண்டாம். உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம்வரை தடவினான். ஊசிக்குத்துபோல் பள்ளம் இருந்தால் மாவு அங்கே பிடித்துக்கொள்ளும். கடைசியில் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டினான். கோயில் மணியின் தம்பிபோல ஒரு சத்தம் வர வேண்டும். மொத்தென்று வந்தால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. எனக்கு எல்லாமே ஒரே சத்தமாகக் கேட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம். கல்லை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாத்த, யார் வூட்டுக்குச் சண்டைக்கிப் போறீங்க?" என்றார். திருக்கழுக்குன்றம் வரும்வரை பேருந்தே சிரித்தது.

கடலோரத்தில் இரும்பை வைத்துக்கொள்வது கைக்குழந்தையை வைத்துக்கொள்வது மாதிரி. ராத்திரி ஈரமாக விட்டால் காலையில் செம்மண் பூசியதுபோல் துரு. கழுவியதும் அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, காதரின் பழைய பனியனில் சுற்றி வைப்போம். அவன் அவசரத்தில் ஒருநாள் அந்தப் பனியனையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய், நாள் முழுக்கத் தாளித்த வாசனையோடு இருந்தான். கல்லை மாட்டிய ஆணியைச் சுற்றிச் சுவரில் ஒரு துரு வட்டம் விழுந்தது. எவ்வளவு சுண்ணாம்பு அடித்தாலும் அது மேலே வந்துவிடும். சோப்பு போடக்கூடாது, புளி படக்கூடாது, சப்பாத்தி சுடக்கூடாது என்று நான் சட்டம் வைத்திருந்தேன். நான் ஊருக்குப் போயிருந்தபோது காதர் அதில் சப்பாத்தி சுட்டுவிட்டான். அதற்குப் பிறகு பல நாள் தோசை எழும்பவே இல்லை. சுரண்டிச் சுரண்டி உப்புமா என்று பெயர் வைத்துச் சாப்பிட்டோம். கல்லுக்குக் கோபம் என்றேன். "அதும் ஒன்ன மாறியே" என்றான் அவன்.

ஆனால் வீட்டில் நான் அதிகம் சொல்லும் கதை, கல்லைப் பழக்கிய கதை. அபி பிறந்ததிலிருந்து அதைக் கேட்டிருக்கிறாள். எண்ணெய் தடவிய புதுக் கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டு, புகை வந்து, வந்த புகை அடங்கும்வரை எடுக்கக்கூடாது என்று நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் வழியாகப் போன புகையைப் பார்த்துவிட்டு, கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாள் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். காய்ந்த வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் பிளந்துவிடும். காதர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தான். வாளித் தண்ணீர் முழுவதும் அவன் மேல்.

"தண்ணி பட்டா கல்லு வெடிச்சிடும்மா."

"அப்ப எங்கூடு எரிஞ்சா பரவால்லியா ஒனக்கு?"

இந்த இடத்தில் நான் இரண்டு குரலிலும் பேசிக் காட்டுவேன். அபி சின்ன வயதில் இதைக் கேட்டுப் பாயில் உருளுவாள். அந்த "எங்கூடு"வைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம்வரை போய்ப் பேசினாள் என்று என் மனைவிக்கு வருத்தம்.

மாமுவின் கடையை இப்போது காதர்தான் பார்க்கிறான். பெங்களூருக்கு ஒரு கல் வேண்டும் என்று அபி சொன்னதும் வேறு எங்கே போவது? கடையில் நின்றுகொண்டு, ஆன்லைனில் கிடைக்கும் கல்லைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். காதர் என்னைப் பார்க்காமல் அவளிடம், "ஒங்கப்பனுக்குக் கல்லத் தட்டுனா சத்தமே கேக்காதும்மா, அவன வுடு, நீ வா" என்று கூட்டிப் போனான். அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி, ஆட்டி, தடவி, தட்டிப் பார்த்தாள். மணியின் தம்பி எது என்று முதல் தடவையே கண்டுபிடித்தாள். ஆள் சின்னவள், கல் பெரியது. நான்தான் பெரிய கல்லாக இருக்கட்டும், நண்பர்கள் வருவார்கள் என்றேன். பிறகு தேநீர் வந்தது. தேநீர் வந்தால் கதையும் வர வேண்டும். வாளித் தண்ணீரை இந்த முறை நானும் காதரும் சேர்ந்தே நடித்தோம். அவன் கடைக்கு நடுவே எழுந்து கையை விரித்துக் காட்டினான். அபி சிரித்து முடித்துவிட்டு, எவ்வளவு நேரம் காய வைக்க வேண்டும் என்று கேட்டாள். புகை அடங்கும்வரை என்றேன் நான்.

"நடுவுல எறக்கவே கூடாதும்மா" என்றான் காதர்.

கண் மருத்துவமனையில் அவளை உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்கள். முகத்தைக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும், நீங்கள் வெளியே இருங்கள் என்றார் செவிலி. பெஞ்சில் உட்கார்ந்து காதருக்குப் போன் செய்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானைச் சரிசெய்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கடைக்கி வர்ற அல்லார்கிட்டயும் சொல்றேன் மச்சான். கண்ணாடி அடுப்புல பெரிய கல்ல ரொம்ப நேரம் வெக்காதீங்க, சூடு கீழ எறங்கி கண்ணாடி தாங்காதுன்னு. அன்னிக்கி கத பேசிகினே வுட்டுட்டேன்."

எங்கள் கதையில் அடுப்பு கிடையாது. இத்தனை வருஷம் சொல்லியும் அது எப்படி நுழையவில்லை என்று அந்த பெஞ்சில்தான் யோசித்தேன். கல் வரும், புகை வரும், அம்மாள் வருவார், வாளி வரும். அடுப்பைப் பற்றிச் சொல்ல என்ன இருந்தது? அலுவலகக் கேன்டீனில் கழித்துக் கட்டிய பழைய மண்ணெண்ணெய் திரி ஸ்டவ். பற்ற வைத்தால் கண் எரியும். திரியைச் சமமாகக் கத்தரிக்காவிட்டால் கரி பூசும். எங்கள் கைலிகளில் அந்தக் கரி நிரந்தரமாக இருந்தது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்போல் யாராவது உறவினர் வந்தால் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவோம். ஆனால் இரும்புக் கால்களின் மேல் நான்கு பக்கமும் திறந்து நின்றது அது. கல்லின் அடியில் சூடு தங்கவே வழியில்லை. ஜன்னலிலிருந்து வரும் கடல்காற்று பாதியைக் கொண்டுபோய்விடும். அதனால்தான் அவ்வளவு நேரம் பிடித்தது.

அந்த ஸ்டவ் எங்கே போனது என்று நினைத்துப் பார்த்தேன். காதருக்கும் தெரியவில்லை. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசை இல்லை. திரி விற்றுக்கொண்டு சைக்கிளில் வந்தவர் இல்லை. அறையை இடித்துவிட்டு அங்கே ஒரு தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். துரு வட்டம் இருந்த சுவரும் அதோடு போயிற்று. நான் பத்திரமாக வைத்திருந்ததெல்லாம் சிரிப்பு வரும் இடங்களை மட்டும்தான்.

உள்ளேயிருந்து அபியின் குரல் கேட்டது. சுவரில் தொங்கும் அட்டையிலிருந்து எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள். ட. ப. ம. முதலில் நல்ல கண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். கடகடவென்று அடிவரை போனாள். பிறகு சிறிது நேரம் ஒன்றுமில்லை. காதர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். மறுபடியும் ஆரம்பித்தாள், இப்போது மெதுவாக. ட. ப. ம. ர. ஒரு வரியில் நின்றாள். "அவசரமில்ல, கண்ணத் தொடச்சிக்கினு படிம்மா" என்றது செவிலியின் குரல். ய, என்றாள். ல. அடிவரை வந்துவிட்டாள்.

மருத்துவர் கதவைத் திறந்து, சில்லு புருவத்திலும் இமையின் மேலும் பட்டதோடு நின்றுவிட்டது, கண்ணுக்கு ஒன்றுமில்லை, தையல் போட்டிருக்கிறேன் என்றார். நான் எழுந்து நின்றதாகக் காதர் சொல்கிறான். எனக்கு நினைவிருப்பது அவருக்குப் பின்னால் அபி வெளியே வந்ததுதான். புருவத்தில் பெரிய கட்டு, தலைமுடியில் இன்னும் அந்தப் புகை வாசனை. என்னைப் பார்த்தாள். பிறகு காதரைப் பார்த்தாள்.

"அப்பா, ஒங்க ரூம்ல இன்னா அடுப்பு வெச்சிருந்தீங்க?"