வேறொரு ரங்கநாயகி

புத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் "ரங்கநாயகி" என்று கூப்பிட்டதும் மூன்று பேர் எழுந்தோம். என் ஆறு வயதில் ஒரு காலை நினைவுக்கு வந்தது.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டேன். போலீஸ்காரர் என் பெயரை மைக்கில் சொன்னார். ஸ்ரீரங்கம் கோயில் தாயாரின் பெயர் அது. அரங்கத்தின் தலைவி என்று அர்த்தம். அங்கே வீட்டுக்கு வீடு ஒரு ரங்கநாயகி இருந்தாள். மகளைத் தொலைத்த இரண்டு அம்மாக்கள் ஓடி வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். என் அம்மா வரவில்லை.

வெயில் ஏறியபின் வந்தாள். புடவை இடுப்புவரை நனைந்திருந்தது.

"குளத்துல பாவாடை மிதக்குதுன்னாங்க. மைக்ல சொன்னது வேற ரங்கநாயகின்னு நினைச்சுட்டேன்டி."

குளத்தில் மிதந்தது யாரோ விட்ட வெறும் துணி.

என் மகளுக்கு, எங்கள் தெருவில் யாருக்குமே இல்லாத பெயரை வைத்தேன். அம்மா கடைசிவரை காரணம் கேட்கவில்லை.