பெரிய மாமா என்பவர் யார்?

காந்தி ஜெயந்தியன்று நடந்த கிராம சபையில் ஒரே ஒரு கேள்வி எங்கள் ஊரையே திண்டாட வைத்தது. ஒன்றிய அலுவலகம் எழுதிக் கேட்ட கேள்வி: ‘பெரிய மாமா என்பவர் யார்? தெளிவுபடுத்தவும்.’

சிரிக்காதீர்கள். விஷயம் பெரிது.

திருத்தணியில் பஸ் ஏறி, கே.ஜி.கண்டிகை தாண்டி உள்ளே வந்தால் எங்கள் பஞ்சாயத்து. மனிதர்களைவிட மாமரங்கள் அதிகம். டீ ஆறுவதற்குள் தேர்தல் ஓட்டுகளை எண்ணி முடித்துவிடலாம். இருக்கிற கொஞ்சம் பேரும் ஒருவருக்கொருவர் சொந்தம். மாமா, பாவா, நைனா... பெயர் என்பதெல்லாம் ரேஷன் கார்டோடு சரி.

நான் மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கரும்பு லோடு ஏற்றும் கூலியாகத் தொடங்கினேன். இன்றைக்கு ஆலை வாசலில் என் டிராக்டர்கள் வரிசையாக வந்தால் பார்க்கிறவன் ஒதுங்கி நிற்பான். பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் செல்வி. இந்த ஊருக்கு மருமகளாக வந்த பெண். ஒன்றிய அலுவலகத்தில் அதிகாரியிடமே குரலை உயர்த்திப் பேசுவாள். ஆனால் ஊர்க் கூட்டத்தில்? நாற்காலியில் உட்கார மாட்டாள். எதிரே இருப்பவர்களில் பாதிப் பேர் மாமனார் முறை ஆயிற்றே! தலைவர் நாற்காலியில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும்.

பிரச்சினைக்கு வருகிறேன். ஏரிக்கு மழைத்தண்ணீர் வருகிற கால்வாயை மறித்து ஒரு மாட்டுக் கொட்டகை. கட்டியவர் என் அக்கா புருஷன். எனக்குப் பாவா, செல்விக்குப் பெரிய மாமனார். ஏரி காய்ந்து கிடக்கிறது. இந்த மழையையும் விட்டால் நடவு கிடையாது. மிச்சமிருக்கிற பிள்ளைகளும் கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுவார்கள். அப்புறம் பஞ்சாயத்து யாருக்கு — மாமரங்களுக்கா?

அதற்கு முந்தைய கூட்டத்திலேயே தீர்மானம் போட்டோம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வாளா? செல்வி சொல்லச் சொல்ல, செயலர் அப்படியே எழுதினார்: ‘பெரிய மாமா அவர்கள் கால்வாயில் கட்டியுள்ள கொட்டகையை அகற்ற வேண்டும்.’ எல்லாரும் கை தூக்கினோம். நானும்தான். ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை. எங்களுக்குத்தான் யாரென்று தெரியுமே!

அந்தத் தீர்மானம்தான் கேள்வியோடு திரும்பி வந்திருந்தது.

“பேரைச் சொல்லுங்கம்மா. பேரில்லாம ஜேசிபி அனுப்ப முடியாது,” என்றார் வந்திருந்த ஓவர்சியர்.

செல்வி நெளிந்தாள். “அவுருதாங்க சார்... எங்க பெரிய மாமா.”

“ஆங், ஊருக்கே அவுரு மாமாதான்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு.

பாவா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “தலைவியம்மா ஒரு தபா எம்பேரைச் சொல்லட்டும் சார். ஜேசிபியே வாணாம். நானே பிரிச்சிடறேன்!”

சொல்ல மாட்டாள் என்று தெரிந்தே விட்ட சவால். ஓவர்சியர் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். ஆனால் சவால் அவளுக்கு... நான் சொன்னால் செல்லுமா?

எழுந்து போனேன். கைப்பையை எடுத்துக் கீழே வைத்தேன். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“உக்காரும்மா.”

“ஐயோ, நீங்கள்லாம் இருக்கும்போது எப்படி...”

“நாங்கள்லாம் உனக்கு ஓட்டுப் போட்டவங்க. உக்காரு.”

“டேய் மச்சான்! நீ எம்பக்கமா, ஏரி பக்கமா?” என்று கத்தினார் பாவா.

“உங்க மாடும் அந்த ஏரித் தண்ணிதான பாவா குடிச்சிகினு இருந்திச்சு?”

செல்வி உட்கார்ந்தாள். தலைவரான பிறகு ஊர் நடுவில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஓவர்சியரைப் பார்த்துச் சொன்னாள்: “திரு. கோவிந்தசாமி. தகப்பனார் பேரு முனுசாமி.”

என் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். பாவா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். கோபம் வரும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

“இன்னொரு தபா சொல்லும்மா,” என்றார்.

சொன்னாள்.

“எங்கம்மா போனப்புறம் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்புட்டதே இல்ல...” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நிமிடம் பழைய பாவா. “சரி சரி, எழுதிக்கோ சார். நாளைக்கே பிரிச்சிக்கறேன். ஆனா மாட்டை எங்க கட்டறது? உன் தலைமேலயா?”

பட்டணத்துக்காரர்களுக்கு அரசாங்கம் என்றால் எங்கோ இருக்கிற ஆபீஸ். எங்களுக்கு, நேற்றுவரை கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றிய மருமகள். அவளிடம் வேலை வாங்க வேண்டுமா? முதலில் அவளை உட்கார விடுங்கள்.

கொட்டகை போனது. மழையும் வந்தது. ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. நாற்றங்காலுக்கு விதை ஊறப்போட்டுவிட்டார்கள். நாற்காலியை இழுத்துப் போட்ட ஆள் யார் என்று ஊரே பேசுகிறது. பேசாதவர்களுக்கு நானே ஞாபகப்படுத்துகிறேன்.

பாவாவின் மாடுகளா? என் ஷெட்டில் சுகமாக அசைபோடுகின்றன — டிராக்டர்கள்தான் வெளியே மழையில் நனைகின்றன!