லண்டனுக்குப் போகாத என் கதாநாயகி

நான் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவலுக்கு ஒப்பந்தம் போட, தம்பானூர் ஹோட்டல் ஒன்றில் எடிட்டரைச் சந்தித்தேன். அவர் திருத்திய பிரதியைப் புரட்டினேன். கணவன் கைவிட்டபின் கிழக்கேகோட்டையில் மெஸ் நடத்தி நிமிர்ந்த என் கதாநாயகியை, வெள்ளைக்காரர் ஒருவர் காப்பாற்றி லண்டனுக்கு அழைத்துப் போகிறார்!

“இது என் கதையே இல்லையே, மேடம்?”

“ஃபாரின்ல இதுதான் எடுபடும், கேட்டோ.” மலையாளம் கலந்த தமிழில் சொன்னார் எடிட்டர். “ சம்மதமில்லேன்னா புக் வராது. சைன் பண்ணுங்கோ.”

பேனாவைக் கையில் எடுத்தேன். எத்தனை வருட ஆசை!

“அவ எங்கேயும் போகமாட்டா, மேடம். அவளுக்கு இங்கேயே வேலை இருக்கு” என்று எழுந்துவிட்டேன். பஸ்ஸில் அழுகையை அடக்க முடியவில்லை.

அந்த நாவல் இன்னும் அச்சாகவில்லை. ஆனால், இப்போது எதையும் முதலில் தமிழில்தான் எழுதுகிறேன். திருத்திய பிரதியைக் கடைசி வரிவரை படிக்காமல் கையெழுத்துப் போடப் பேனாவைத் தொடுவதில்லை.