ஜப்பான் சட்டைக்கு வைத்த மஞ்சள்

பின்னலாடை வடிவமைப்பு படித்த காலத்தில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. நம்மிடம் துணி வாங்குகிற நாடுகளின் பழக்கவழக்கங்களைப் படிக்க வேண்டும். எங்கள் பிரிவுக்கு ஜப்பானும் இத்தாலியும் வந்தன. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வகுப்பு. மேடம் ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, திரையில் படம் ஓட்டுவார். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நான் தூங்கியதில்லை. விளக்கு அணைந்ததும் நான் ஊரிலேயே இருக்க மாட்டேன்.

திரையில் ஒரு ஜப்பானியத் தெரு வரும். ஒரு கிழவர் வாசலைக் கூட்டுவார், கூட்டி முடித்து அடுத்த வீட்டு வாசலிலும் இரண்டு அடி சேர்த்துக் கூட்டிவிட்டு நிறுத்துவார். முழுதாகக் கூட்டினால் அடுத்த வீட்டுக்காரருக்குக் கூச்சமாகிவிடுமாம். பிறகு இத்தாலி வரும். ஒரு கடையில் ஆட்கள் நின்றபடியே சின்னக் கோப்பையில் காபியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, உரக்கப் பேசிவிட்டு, கிளம்பிப் போவார்கள். எங்கள் ஊர் பேக்கரி வாசலில் காலை ஷிப்டுக்கு முன்னால் நடப்பதும் இதுதானே என்று நினைத்துக்கொள்வேன். கையில் ஒரு தேங்காய் பன் குறைகிறது, அவ்வளவுதான்.

படிக்கப் படிக்க எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பின்னல் கம்பெனிகளின் தடதட சத்தம் ஏதோ மழைச் சத்தம் போலக் கேட்கும். நான் அதில் நனைந்தபடி ஒசாகாவில் நடந்துகொண்டிருப்பேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், வெயிலில் திரும்பி நடந்து வந்ததும் உண்டு. வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, ஜப்பானியர்கள் பெயர் அட்டை கொடுப்பதுபோல, கல்லூரி அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டிக் குனிந்து பழகுவேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "ஏன் கண்ணு, இடுப்புப் புடிச்சுக்கிச்சா?" என்று தைலத்தோடு வந்துவிட்டார்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். விளக்கு பொருத்திய மேஜையில் துணியை விரித்து, கறை, ஓட்டை, தையல் விட்ட இடம் தேடி, அங்கே ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை. நான் ஜப்பானைப் பற்றி ஏதாவது அளந்தால் கேட்டுக்கொண்டே இருப்பார். "அவீங்களும் செருப்பக் கழட்டீட்டுத்தான் ஊட்டுக்குள்ள வருவாங்களாம்மா" என்று சொன்னபோது மட்டும், "அப்பற என்ன, நம்ம சனந்தான்" என்றார்.

பாடம் முடியும்போது இரண்டு விருந்தினர்கள் கல்லூரிக்கு வருவதாக அறிவிப்பு வந்தது. ஜப்பானிலிருந்து ஒரு அம்மையார், இத்தாலியிலிருந்து ஒரு பெரியவர். ஒவ்வொரு மாணவரும் ஒரு உடுப்பு தைத்துக் காட்ட வேண்டும். அவர்கள் ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதம் தங்கள் பட்டறையில் வைத்துக் கற்றுத் தருவார்கள். எனக்கு ஜப்பான்தான் வேண்டும். அதை நான் ஆசை என்றுகூடச் சொல்ல மாட்டேன், அது ஏற்கெனவே எனக்கு எழுதி வைத்த இடம் என்றே நம்பிவிட்டேன்.

பச்சைக் குழந்தைக்கான சட்டை ஒன்று தைத்தேன். வெள்ளைப் பருத்தித் துணி. அந்த நாட்டில் கைக்குழந்தை உடுப்புக்குத் தையலை வெளிப்பக்கம் வைப்பார்கள், தோலில் உரசக் கூடாது என்று. நானும் அப்படியே வைத்தேன். பக்கவாட்டில் கட்டுவதற்கு இரண்டு நாடா. மூன்று வாரம் தைத்தேன், பிரித்தேன், மறுபடி தைத்தேன். தைக்கும்போது மனசு எங்கேயோ மிதக்கும். இன்னும் பிறக்காத ஏதோ ஒரு ஜப்பானியக் குழந்தை அதைப் போட்டுக்கொண்டு தூங்குவது தெரியும். அதன் மூச்சுக்கூடக் கேட்கும்.

விருந்தினர்கள் வரும் நாள் காலையில் அம்மா கம்பெனி வேனுக்குச் சீக்கிரமே போய்விட்டார். சட்டை சாமி படத்துக்கு முன்னால் தட்டில் இருந்தது. கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று கீழ் மடிப்பைப் பிரித்தேன். உள்ளே மஞ்சள். கடுகளவு ஒரு பொட்டு.

புதுத்துணி எதுவானாலும் ஓரத்தில் மஞ்சள் வைத்துத்தான் உடுத்துவது எங்கள் வீட்டுப் பழக்கம். தீபாவளிச் சட்டையிலிருந்து பள்ளிச் சீருடை வரைக்கும் எனக்கு அம்மா வைத்திருக்கிறார். இதற்கும் வைத்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அன்று தலைக்கு மேல் வந்தது. ஊரார் துணியில் கறை தேடுகிறவர் என் துணியில் தானே கறை வைத்திருக்கிறாரே என்று வெறும் வீட்டில் கத்தினேன். துணி துவைக்கிற சோப்பை எடுத்துத் தேய்த்தேன்.

மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும். சாயப்பட்டறைகள் நிறைந்த ஊரில் பிறந்தவள், துணியைப் பற்றியே படிக்கிறவள் நான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. கடுகு போலிருந்தது செங்கல் நிறத்தில் நாணய அளவுக்குப் பரவியது. தேய்க்கத் தேய்க்க மடிப்பைத் தாண்டி வெளியே வந்தது. மணி ஒன்பது. அயர்ன் பண்ணிக் காயவைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஜப்பானிய அம்மையார் துணியைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி ஓரமாக வைத்தார். நூல் சிக்கிவிடக் கூடாதாம். ஒவ்வொரு உடுப்பையும் தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போல எடுத்தார். அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. என் முறை வந்தது. நாடாவைக் கட்டிப் பார்த்தார், அவிழ்த்தார், தையலை விரலால் தடவினார். கீழ் ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

நிதானமான ஆங்கிலத்தில் கேட்டார். "இது துணியிலிருந்து வந்ததா, கையிலிருந்து வந்ததா?"

தவறு நேர்ந்தால் ஜப்பானியர்கள் முதலில் ஒப்புக்கொள்வார்கள், காரணத்தைப் பிறகுதான் சொல்வார்கள். இதைத் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். வாய் திறந்து, "துணியிலிருந்துதான். சாயப்பட்டறையில் பட்டுவிட்டது" என்றேன்.

அவர் தலையை லேசாகத் தாழ்த்தினார். நான் மடித்திருந்த மடிப்பு மாறாமல் சட்டையை மடித்து, இரண்டு கையாலும் என் பக்கம் நகர்த்தினார். எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள், "ஊட்டுக்குப் போயிச் சொல்லி அனுப்பறோமுங்க" என்று எழுந்திருக்கும்போது முகம் எவ்வளவு மரியாதையாக இருக்கும்? அந்த முகம்தான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

இத்தாலியப் பெரியவர் இதற்கு நேர்மாறு. சட்டையைத் தன் மார்பில் வைத்துப் பார்த்தார். பேத்தியைப் பற்றிச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு துணியைக் கன்னத்தில் தேய்த்தார், இரண்டு கையையும் வீசி வீசிப் பேசினார். தையலை வெளியே வைத்ததற்கு என் தோளில் தட்டினார். ஓரத்தை அவர் பார்க்கவே இல்லை.

மாலையில் முடிவு சொன்னார்கள். ஜப்பானுக்கு என் பக்கத்தில் உட்காரும் குன்னத்தூர்ப் பெண். இத்தாலிக்கு நான்.

எல்லாரும் கை தட்டினார்கள். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துத் தோழிகள் படம் எடுத்துக்கொண்டார்கள். இத்தாலி கிடைத்தவள் அழலாமா? எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. ஆனாலும் ஜப்பான் போய்விட்டது. கறையால் போயிருந்தால்கூட ஆறியிருக்கும். நான் சொன்ன பொய்யால் போனது என்று மனசு அடித்துச் சொன்னது.

அம்மாவிடம் இத்தாலி என்றேன். அம்மா வாயெல்லாம் பல்லாக, பையிலிருந்து சட்டையை வெளியே எடுத்தார். எடுத்த கை தொழில் பழக்கத்தில் தானாகக் கீழ் ஓரத்துக்குப் போயிற்று. டியூப்லைட்டுக்குக் கீழே கொஞ்ச நேரம் பார்த்தார். சிவப்பு எதனால் வரும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. திரும்ப மடித்து வைத்துவிட்டு, "சோறு போடட்டுமா கண்ணு?" என்றார்.

அடுத்து வந்த இரண்டு மாதமும் அந்தப் பேச்சு வரவே இல்லை. பாஸ்போர்ட், விசா, அலைச்சல். காதர்பேட்டைத் துணிக்கடைகளில் தேடி எனக்கு ஒரு கறுப்புக் குளிர்க்கோட்டு வாங்கிவந்தோம். நான் மறுபடி கனவில் விழுந்துவிட்டேன். இந்தமுறை கல் பாவிய தெருக்கள், மணிக்கூண்டு, நின்றபடி குடிக்கிற காபி. மனசுக்கு வெட்கமே கிடையாது.

கிளம்புகிற அன்று காலை அம்மா கோட்டைப் பாயில் விரித்து வைத்தார். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தார். வழக்கமாகக் கேட்காமல் வைக்கிற கை அன்று வைக்கவில்லை. கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார்.

"நீயே வெச்சுக்கறயா சாமி? வேண்டாமுன்னா உட்டுரு. அங்கத்த ஆளுக ஏதாச்சும் சொல்லீருவாங்க."

எல்லாவற்றையும் கொட்டினேன். சோப்புப் போட்டதை, சிவந்ததை, சாயப்பட்டறை மேல் பழி போட்டதை. உன் கை வைத்தது என்று சொல்லாமல் உன்னை மறைத்துவிட்டேன் அம்மா என்றேன்.

அம்மாவுக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் வருத்தம்தான் இருந்தது, அதுவும் தொழில் சம்பந்தமான வருத்தம் போல. "பதனெட்டு வருசமாச் செக்கிங்குல நிக்கறேன். எங்க வெச்சா ஆரு கண்ணுலயும் படாதுன்னு எனக்குத் தெரியாதா கண்ணு? நீ பேசாம உட்டிருந்தீன்னா அந்தம்மா கண்டே புடிச்சிருக்க மாட்டாங்க."

"காலர்லயே வெய்யிம்மா. எல்லாரும் பாக்கட்டும்" என்றேன்.

"கிறுக்கச்சி" என்று சிரித்தார். அக்கட்டால திரும்பி நில்லு என்றார். திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் துணி புரளும் சத்தம் கேட்டது, பிறகு கிண்ணத்தைக் கீழே வைக்கும் சத்தம்.

இத்தாலியில் முதல் ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத அறையில், கோட்டை மடியில் போட்டுக்கொண்டு தேடினேன். கைமடிப்பு, பைக்குள், கீழ் ஓரம், கழுத்துப்பட்டையின் அடி. ஒவ்வொரு மடிப்பாக வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். அம்மா எங்கே வைத்தார் என்று என்னால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.