எடை குறைந்த தோட்டம்

செல்லூரில் கண்ணுச்சாமியின் விசைத்தறிக் கூடத்துக்கு மேல்தான் சுல்தான் பீவியின் தோட்டம் இருந்தது. சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாதவர் அவர். மாடியில் ஓர் அறையில் வாடகைக் குடித்தனம். மிச்ச இடமெல்லாம் மண்ணெண்ணெய் டின்களும் உடைந்த பானைகளும். புதினா, மல்லி, கத்தரி. நடுவே சிமெண்டுத் தொட்டியில் ஆளுயர மருதாணி. பெருநாளானாலும் தீபாவளியானாலும் அந்தச் சந்துப் பெண்களின் கைகள் அந்த மருதாணியால்தான் சிவந்தன.

எண்பத்தொன்றாம் வருஷம் சித்திரையில் கண்ணுச்சாமி படியேறி வந்தார். கையில் ஒரு பிடி சுண்ணாம்புக் காரை.

"இதப் பாரு தங்கச்சி. தறியில ஓடுற பாவு நூல் மேல கொட்டுது, அறுந்துக்கிட்டே இருக்கு. ஒன் தோட்டத்துக் கனம் தாங்காம கூரை உக்காருது. எல்லாத்தையும் எறக்கிரு."

"எறக்கி எங்கண்ணே வைக்க? சந்துல வச்சா ஆடு மேஞ்சிரும்."

"மழையில நனைஞ்சா அம்புட்டும் என் தறி மேலல்ல வந்து விழும்!"

"கனத்தப் பாதியாக் கொறச்சா வச்சுக்கிடலாமா?"

கண்ணுச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மண்ணு எளைக்குமா? சரி, ஐப்பசி மழைக்குள்ள எளைக்க வச்சுக் காட்டு. நம்ம நூல் தராசுலயே போட்டுப் பாப்போம்."

டின்களில் இருந்தது கண்மாய் வண்டல். செடிக்கு நல்லது, ஆனால் கல்லாகக் கனக்கும். ஒரு டின்னில் அதைக் கொட்டிவிட்டுச் சாணத்தை மட்டும் போட்டுப் பார்த்தார்; சூட்டில் நாற்று கருகியது. சாம்பல் போட்டார், தண்ணீர் பட்டதும் இறுகிக்கொண்டது. சிம்மக்கல்லில் கயிற்றுக்கடையில் வேலை பார்த்த கணவர் அப்துல் லத்தீப்தான், நார் மில்லுக்கு வெளியே தேங்காய் நார்த்தூள் கேட்பாரற்றுக் குவிந்து கிடப்பதைச் சொன்னார். மறுநாளே சுல்தான் பீவி அங்கே போய், ஒரு மூட்டையோடு டவுன் பஸ்ஸில் ஏறினார். லக்கேஜ் டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் மூட்டையை ஒற்றைக் கையில் தூக்கிக் காட்டிவிட்டு வந்தார்.

அதை அப்படியே நிரப்பியதில் புதினா மஞ்சளடித்தது. "நார் ஒத்துக்கிடல புள்ள, விட்டுரு" என்றார் லத்தீப். சுல்தான் பீவி ஒரு பிடி தூளில் தண்ணீரை ஊற்றினார். கடுங்காப்பி போல வடிந்தது.

"இந்தக் கறை இருக்குற வரைக்கும் வேர் எப்படி மச்சான் குடிக்கும்?"

தண்ணீர் தெளியும்வரை அலசினார். சாணத்தையும் சிம்மக்கல் கடைகளில் கழித்துப் போட்ட வாழை இலையையும் சேர்த்து, சந்து மூலையில் குவித்து, ஈரச் சாக்கால் மூடினார். அவ்வப்போது கிளறிக் கொடுத்தார். தண்ணீர்க் குடத்தோடு போன பக்கத்து வீட்டு இருளாயி சும்மா போகவில்லை.

"என்ன பீவி, பிரியாணிக்குத் தம் போடுறியா?"

"ஆமாக்கா. வெந்ததும் மொதத் தட்டு ஒனக்குத்தான்."

குவியலுக்குள் கையை விட்டுப் பார்ப்பார். சூடு இருந்தால் மூடிவிடுவார். சாண வாடை அடித்தாலும் மூடிவிடுவார். பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும், தொட்டால் உதிரவேண்டும். கடைசியில் ஒரு சிரட்டையில் போட்டு வெந்தயம் தூவினார். பொட்டு இடைவெளி இல்லாமல் முளைத்த பிறகுதான் டின்களை மாற்றினார். மருதாணியைக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, வேரிலிருந்த வண்டலை உதறி நட்டார். வெறும் குச்சியாக நின்ற அதைத் தினமும் விடிந்ததும் போய்ப் பார்த்தார். ஒரு காலை, கணுவில் பச்சை தெரிந்தது.

மழைக்கு முன் தராசு தொங்கியது. ஒரு தட்டில், மாற்றாமல் வைத்திருந்த பழைய வண்டல் டின் ஒன்று, மறு தட்டில் புது டின் இரண்டு. வண்டல் தட்டு தடாலென்று கீழே போனது.

"ஜெயிச்சுட்ட தங்கச்சி!" என்றார் கண்ணுச்சாமி.

"இருங்கண்ணே. காஞ்சத எடை போட்டு என்ன செய்ய? நனைஞ்சாத்தானே ஒங்களுக்குப் பயம்?"

லத்தீப் பதறி அவரது முந்தானையை இழுத்தார். சுல்தான் பீவி மூன்று டின்னிலும் சொட்டச் சொட்டத் தண்ணீர் ஊற்றினார். நார்த்தூள் குடித்துக்கொண்டே இருந்தது. தராசு ஆடியது, புதுத்தட்டு இறங்குவது போலிருந்தது. கடைசியில் வண்டல் பக்கம் இரண்டு விரல்கடை தாழ்ந்து நின்றது.

தோட்டம் நிலைத்தது. மழையும் வந்தது. காரை மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது! ஒருநாள் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. வெளியே அடைமழை. கண்ணுச்சாமி கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு துணுக்கு விழவில்லை. கரண்ட் வந்து தறிகள் அதிர்ந்ததும் தலையிலேயே விழுந்தது.

நேரே மாடிக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டார். மறைக்கவில்லை.

"அப்பத் தறியத்தான் எறக்கணும்போல அண்ணே" என்றார் சுல்தான் பீவி.

கண்ணுச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். "தறிக்கு மேல சாக்குப் படுதா கட்டிக்கிடுறேன் தங்கச்சி. தீபாவளிக்கு மக மருதாணி கேட்டா, கொஞ்சம் பறிச்சுக் குடு."

புதுத் தளிர்தான். ஆனாலும் சுல்தான் பீவி கை நிறையப் பறித்துக் கொடுத்தார்.