பி பக்கத்து நாலாவது பாட்டு

என் கணவர் இருபத்தைந்து வருஷம் லோடு வண்டி ஓட்டினார். திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கும் கரியை அருப்புக்கோட்டைக்கு ஏற்றி வருவதுதான் முக்கால்வாசி வேலை. வண்டியில் ஒரு டேப் இருந்தது. நாலைந்து கேசட் கிடந்தாலும் அவர் போடுவது ஒன்றே ஒன்று, ஒரு சினிமாப் படத்துப் பாட்டுகள். ஏ பக்கம் ஐந்து, பி பக்கம் ஐந்து. போகும்போது ஏ பக்கம், கரி ஏற்றித் திரும்பும்போது பி பக்கம்.

கல்யாணமான புதிதில் சில நாள் நானும் அந்த வண்டியில் போயிருக்கிறேன். பி பக்கத்தில் நாலாவதாக ஒரு பாட்டு வரும். மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். படத்தில்கூட அதை வைக்கவில்லை, கேசட்டில் மட்டும் இருந்தது. அது தொடங்கியதுமே தள்ளிவிடுவதற்கு என் கை பட்டனுக்குப் போகும். அவர் கையை விலக்கிவிடுவார்.

"அது பாட்டுக்கு வந்துட்டுப் போகட்டும். உன்னைய என்ன செய்யுது?" என்றார் ஒருதரம்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் ரோஷம் வந்து, திருச்சுழியிலிருந்து வீடு வரைக்கும் பேசாமல் வந்தேன். அப்போதும் அந்தப் பாட்டை நான் கேட்கவில்லை. வெளியே வெயிலில் மல்லிக்காடு காய்ந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிறகு டேப் கெட்டது, வண்டி மாறியது, எல்லோரையும் போல நாங்களும் போனுக்கு வந்தோம். சர்க்கரையில் அவருக்குக் கண் மங்கியது. கொஞ்ச நாளில் சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், இடது கையில் இரண்டு ஊசியோடு அசையாமல் படுத்திருக்க வேண்டும். ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்த் திரும்பி வருவது கண்ணுக்குத் தெரியும். அவர் பார்க்க மாட்டார். நான் பார்ப்பேன்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் லீவில் வந்தபோது, அப்பாவுக்குப் பிடித்த பாட்டுகளாகத் தேடி நாற்பது பாட்டை என் போனில் சேர்த்துக் கொடுத்தாள். ஹெட்போனின் ஒரு முனை அவர் காதில், இன்னொன்று என் காதில். முதல் நாள் அரை மணி நேரத்திலேயே அவர் பிடுங்கிப் போட்டார். வலி போல என்று நினைத்தேன். அடுத்த தடவையும் அப்படியே செய்தார். வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் காரணம் கேட்டேன். சொன்னார்.

"ஒவ்வொண்ணும் நல்ல பாட்டுதான். ஆனா ஒண்ணு முடிஞ்சா அடுத்தது என்ன வரும்னு தெரியல. அங்க படுத்திருக்கையில எனக்கு அது தெரியணும்."

அந்த வார்டில் எதுவும் முன்கூட்டித் தெரியாது. எப்போது கால் இழுக்கும், எப்போது பிரஷர் இறங்கும், யாருக்கும் சொல்ல முடியாது. எதிர்க் கட்டிலில் படுத்திருந்த பந்தல்குடிக்காரர் ஒரு வாரம் வரவில்லை, மறுவாரமும் வரவில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் நர்ஸிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

மகளிடம் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் அந்தப் படத்துப் பாட்டுகள் அத்தனையையும் எடுத்து அனுப்பினாள். வரிசை மாறிக் கிடந்தது. அவர் போனிலேயே எது முதலில், எது அடுத்து என்று தயங்காமல் சொல்லச் சொல்ல, அவள் அடுக்கினாள். ஒன்பது பாட்டு கிடைத்தது. பி பக்கத்து நாலாவது மட்டும் எங்கே தேடியும் இல்லை.

மறுவாரம் வார்டில் அதைப் போட்டேன். ஏ பக்கம் முழுக்க அமைதியாகக் கேட்டார். அடுத்த பாட்டு தொடங்குமுன்பே அதன் மெட்டுக்கு அவர் வலது கை விரல் அசைவதைப் பார்த்தேன். பி பக்கத்தில் மூன்றாவது முடிந்து ஐந்தாவது தொடங்கியதும் கையைத் தூக்கினார். நான் நிறுத்தினேன்.

"இடையில ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

மகளுக்குக் கிடைக்கவில்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மெதுவாகப் பாட ஆரம்பித்தார்.

முப்பது வருஷத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை. குரல் ஒன்றும் நல்ல குரல் இல்லை. ஆனால் ஒரு இடத்திலும் நிற்காமல் பாடினார். பக்கத்துக் கட்டில் அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் பிள்ளை, அவர் முடிக்கும்வரை பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. பாடி முடிந்ததும் அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஐந்தாவது பாட்டைப் போட்டேன்.

ஒன்றரை வருஷம் இப்படி நடந்தது. மூச்சு வாங்கும் நாளில் இரண்டு வரியோடு நிறுத்திவிடுவார். அப்போதும் அந்தப் பாட்டு ஓடும் நேரம் அளவுக்கு இரண்டு பேரும் சும்மா இருப்போம். அவர் சொல்லாமல் நான் போனைத் தொட்டதில்லை.

போன பங்குனியில், ஒரு மத்தியான வேளையில், வீட்டில் படுத்திருக்கும்போதே அவர் போய்விட்டார்.

மூன்று மாதம் முன்னால் மகள் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்தாள். யாரோ தங்களிடம் இருந்த பழைய கேசட்டிலிருந்து எடுத்து நெட்டில் போட்டிருந்தார்களாம். அனுப்பிவிட்டு போனில் அழுதாள். அவளைச் சமாதானப்படுத்தி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து கேட்டேன். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே பாட்டு வந்தது. முதல்முறையாக அதை முழுசாகக் கேட்டேன். நல்ல பாட்டுதான். ஆனால் அவர் பாடிய மாதிரி இல்லை. அவர் கடைசியில் பாடும் சரணம் இதில் முதலில் வருகிறது. அவர் எப்போதும் பாடும் ஒரு வரி இதில் எங்குமே இல்லை. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். வேறு பாட்டிலிருந்து ஒட்டிக்கொண்டதா, அவரே போட்டுக்கொண்டதா என்று கேட்க இனி ஆள் இல்லை.

சாயங்காலம் மகள் கூப்பிட்டு, அந்த ஒன்பதோடு இதையும் அதன் இடத்தில் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"இப்போதைக்கு அது தனியா இருக்கட்டும்மா" என்றேன்.

போனை வைத்ததும், மறந்துவிடுமோ என்ற பயத்தில், அவர் பாடிய அந்த ஒரு வரியை மாத்திரைச் சீட்டின் பின்னால் எழுதி வைத்தேன்.