பெரிய பட்டம் வாங்கிய தவறு

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். எதையும் படித்தே தெரிந்துகொள்ளலாம் என்ற நினைப்பில், யாரிடமும் கேட்காமல் இரண்டு கைகளிலும் கைப்பிடி பிடித்துப் பறக்கவிடும் நான்கு கயிற்றுப் பட்டம் ஒன்றை, இருப்பதிலேயே பெரியதாக, ஆன்லைனில் வாங்கினேன். வேலைக்காகச் சாயல்குடியில் தங்கியிருப்பதால், விடுமுறையன்று தனியாக மாரியூர் கடற்கரைக்குப் போனேன்.

பட்டம் ஏறியதும் என்னைத் தரதரவெனக் கடலுக்குள் இழுத்தது. விட்டால் போய்விடுமே என்று கைப்பிடிகளை இறுகப் பிடித்தேன். இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா ஓடிவந்தார். "ஏப்பா, அது பெருசா, உசுரு பெருசா? கைய விடு."

விட்டேன். பட்டம் கடலோடு போனது.

"கூட ஆரும் வரலையா?" என்றார். இங்கே எனக்கு யாரும் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

இப்போது சிறிய பட்டம்தான் வைத்திருக்கிறேன். கைப்பிடியை விட்டதும் பட்டம் அடங்கி விழும்படி, அதன் கீழ்க்கயிறுகளோடு இணைந்த வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிறேன். கரையில் ஆளில்லாத நாளில், பட்டப் பையைத் திறக்காமலே திரும்ப பஸ் ஏறிவிடுகிறேன்.